புதுச்சேரி பழைய வீட்டில் உப்புச் சுவரைச் சரிசெய்த என் அனுபவம்

புதுச்சேரி வைசியாள் வீதிக்குப் பக்கத்தில், திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடு வாங்கினோம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, எல்லா வாரிசுகளின் கையெழுத்து என வக்கீல் பார்த்துக் கொடுத்துவிட்டார். சுவர்தான் பெரும்பாடு. இடுப்பளவு உப்புப் பூத்து, பெயிண்ட் உரிந்து கொட்டியது.

காரணம், முன்பு யாரோ பூசியிருந்த சிமெண்ட். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் தரை ஈரத்தை இழுக்கும். சிமெண்ட் அதை உலர விடாது. ஈரம் மேலே ஏறும், உப்பும் கூடவே.

சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிவிட்டு, கோடை முழுக்கச் சுவரை அப்படியே காயவிட்டோம். பிறகு கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு. மேலே பெயிண்ட் இல்லை, சுண்ணாம்பு வெள்ளைதான். இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை காத்திருங்கள், அவசரப்படாதீர்கள். மழைக்காலம் தாண்டியும் சுவர் நன்றாக இருக்கிறது. அடியில் லேசாகப் பொடி உதிரும், துடைத்தால் போதும்.