புரோபயாடிக் வாங்குமுன்: எதற்கு, எது, எவ்வளவு?

மெடிக்கல் ஷாப்பில் "வயித்துக்கு நல்லதா ஒரு புரோபயாடிக் குடுங்க" என்று கேட்டால், அன்றைக்குக் கடையில் எது இருக்கிறதோ அதுதான் கைக்கு வரும். விலையும் குறைச்சல் இல்லை. புரோபயாடிக் என்பது உடம்புக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள். ஒரு நுண்ணுயிர் ஒரு தொந்தரவுக்குக் கேட்கும், இன்னொன்றுக்குக் கேட்காது. ஆகவே எதற்காக வாங்குகிறோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 1: காரணத்தை முடிவு செய்யுங்கள்

ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். அதைத் தடுப்பதில்தான் புரோபயாடிக்குக்கு ஓரளவு உறுதியான ஆதாரம் இருக்கிறது. இரண்டு பெயர்களை நினைவில் வைத்தால் போதும்: லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி, சாக்கரோமைசிஸ் பவுலார்டி. குழந்தைகளுக்கு ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நல மருத்துவர் சங்கம் பரிந்துரைப்பதும் இந்த இரண்டைத்தான். நாளொன்றுக்குக் குறைந்தது 500 கோடி உயிரிகள் வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் அன்றே இதையும் தொடங்க வேண்டும். நான்கு நாள் கழித்து, வயிறு கலங்கிய பிறகு வாங்குவதில் பாதிப் பயன் போய்விடுகிறது.

திடீரென்று வரும் பேதிக்கு முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசல். குழந்தை என்றால் அதோடு துத்தநாகம் (ஜிங்க்): ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை. 2018இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பேதியோடு வந்த குழந்தைகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், லாக்டோபேசில்லஸ் சாப்பிட்டவர்களும் மருந்தில்லாத போலிப் பொடி சாப்பிட்டவர்களும் ஒரே மாதிரிதான் குணமானார்கள். புரோபயாடிக் சாஷேயை வாங்கிவிட்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை விட்டுவிட்டு வருவதுதான் இதில் நடக்கும் மிக ஆபத்தான தவறு.

வயிற்று வலியும் உப்புசமும் அடிக்கடி வந்து, மலம் போவதும் மாறும் ஐ.பி.எஸ். என்ற குடல் தொந்தரவுக்கு ஆதாரம் பலவீனம். முயன்று பார்க்கலாம், கெடு வைத்துக்கொண்டு.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, பொதுவான குடல் ஆரோக்கியத்துக்கு மட்டும் என்றால் காப்ஸ்யூலே வேண்டாம். புளிக்க வைத்த தயிர், மோர், பழைய சோறு ஆகியவற்றில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்கின்றன. எந்த வகை, எத்தனை என்று அளந்து சொல்ல முடியாததால் அறிவியல் கணக்கில் இவற்றைப் புரோபயாடிக் என்று சேர்ப்பதில்லை. ஆனால் உணவாக நல்லவை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்குக் காரணம், அதிலுள்ள பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்க உதவுவதுதான். இட்லி மாவு புளித்தாலும் ஆவியில் வெந்ததும் அந்த உயிர்கள் செத்துவிடும். தயிரோடு கீரை, பயறு, வாழைத்தண்டு சேருங்கள். குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு நார்ச்சத்துதான் சாப்பாடு.

படி 2: யாருக்கு ஆகாது என்று பாருங்கள்

கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோர் மருத்துவர் சொல்லாமல் எந்தப் புரோபயாடிக்கையும் தொடக் கூடாது. குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தனியாகவே எச்சரித்திருக்கிறது. பவுலார்டி ஒரு ஈஸ்ட். கழுத்திலோ மார்பிலோ பெரிய ரத்தநாளத்துக்குள் குழாய் போட்டிருப்பவர்களுக்கு அது ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். அப்படிப்பட்ட நோயாளியின் அருகில் வைத்து அந்தச் சாஷேயைப் பிரிப்பதே தவறு. பொடி காற்றில் பறந்து கையிலும் குழாயிலும் ஒட்டும்.

படி 3: அட்டையில் பெயரை முழுசாகப் படியுங்கள்

பெயருக்கு மூன்று பகுதி வேண்டும்: பேரினம், இனம், ரகம். "லாக்டோபேசில்லஸ்" பேரினம், "ராம்னோசஸ்" இனம், "ஜிஜி" ரகம். ஆய்வுகள் நடப்பது குறிப்பிட்ட ரகத்தின் மேல். கடைசிப் பகுதி இல்லாத அட்டையை எந்த ஆய்வோடும் ஒப்பிட வழியில்லை, அதை வைத்துவிடுங்கள். 2020இல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துப் பெயர் மாற்றினார்கள். அதனால் புதிய அட்டைகளில் "லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி" என்று இருக்கலாம். அது பழைய அதே உயிரிதான். கடைசியில் உள்ள ஜிஜியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளிலேயே "லாக்டிக் ஆசிட் பேசில்லஸ்" அல்லது "லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ், 60 மில்லியன்" என்று சேர்த்திருப்பார்கள். உள்ளே இருப்பது பேசில்லஸ் கோயாகுலன்ஸ். அளவு வெறும் 6 கோடி. மேலே சொன்ன 500 கோடிக்குப் பக்கத்தில்கூட வராது. "மாத்திரையிலேயே இருக்கே" என்று அதை நம்பி இருக்க வேண்டாம்.

படி 4: எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள்

அட்டையில் சி.எஃப்.யு. என்று இருப்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கை. 1 பில்லியன் என்றால் 100 கோடி. எந்தத் தேதிக்கான எண் அது என்பதைக் கட்டாயம் பாருங்கள். "தயாரிக்கும்போது" என்று போட்டிருந்தால், நீங்கள் வாங்கும் நாளில் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காலாவதித் தேதி வரை இருக்கும் எண்ணிக்கையையும் ரகத்தின் பெயரையும் அட்டையில் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. பதினைந்து வகை கலந்த, 5,000 கோடி என்று விளம்பரம் செய்யும் டப்பா அதனாலேயே உயர்ந்ததாகிவிடாது. உங்கள் காரணத்துக்குச் சோதிக்கப்பட்ட ரகம், சோதிக்கப்பட்ட அளவு, அவ்வளவுதான் தேவை.

உட்பொருட்களில் எஃப்.ஓ.எஸ். அல்லது இனுலின் என்ற நார்ச்சத்து இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். ஏற்கெனவே உப்புசம் உள்ளவர்களுக்கு இவை வாயுவை அதிகமாக்கும். பழி நுண்ணுயிர் மேல் விழும்.

படி 5: வாங்குவதும் வைப்பதும்

பேசில்லஸ் வகைகள் விதை போன்ற கெட்டி உறையோடு இருப்பதால் அறைச் சூட்டைத் தாங்கும். லாக்டோபேசில்லஸ், பைஃபிடோபாக்டீரியம் வகைகள் பலவற்றுக்கு ஃப்ரிட்ஜ் தேவை. அட்டையில் 2 முதல் 8 டிகிரி என்று இருந்தால், கடைக்காரர் அதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தாரா, அலமாரியிலிருந்து எடுத்தாரா என்று கவனியுங்கள். சித்திரை வெயிலில் பைக் டிக்கியில் ஒரு மதியம் கிடந்தால் எண்ணிக்கை சரிந்துவிடும்.

படி 6: சாப்பிடும் முறை

பாக்டீரியா வகையை ஆன்டிபயாடிக்கிலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். ஒன்றாகப் போட்டால் மருந்து அதையும் கொன்றுவிடும். பவுலார்டியை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஆனால் ஃப்ளூகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரை அதைக் கெடுக்கும். சாஷேயைச் சூடான பாலிலோ வெந்நீரிலோ கலக்காதீர்கள். ஆறிய தண்ணீர், மோர், தயிர் சாதம் எதிலும் கலக்கலாம். பேசில்லஸ் வகையில் ஒன்றான பேசில்லஸ் கிளாசை 5 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் குப்பியில் வரும். பார்க்க ஊசி மருந்து மாதிரியே இருக்கும். நன்றாகக் குலுக்கி, வாய்வழியாக மட்டும் கொடுக்க வேண்டும்.

படி 7: நான்கு வாரக் கெடு

ஐ.பி.எஸ். போன்ற நாள்பட்ட தொந்தரவுக்கு என்றால் ஒரு நேரத்தில் ஒரே பொருள், ஒரே அளவு, நான்கு வாரம். தொடங்குமுன் ஒரு வாரம், தொடங்கியபின் நான்கு வாரம், வலி, உப்புசம், எத்தனை முறை போனது ஆகியவற்றைத் தினமும் ஒரு வரி குறித்து வையுங்கள். முதல் சில நாட்கள் வாயு கூடுவது சகஜம். நான்கு வாரத்தில் குறிப்பேட்டில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்; இரண்டாவது டப்பா வாங்க வேண்டாம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, விடாத காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்த நான்கு வாரக் கணக்கு பொருந்தாது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.