ஏஆர்பி போகிறது, பிங் போகவில்லை

உவர்மலையில் வலையமைப்புப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு, ஒரே லினக்ஸ் மடிக்கணினிக்குள் இரண்டு நேம்ஸ்பேஸ்களை (தனித்தனிக் கணினிகள் போல நடக்கும் வலையமைப்புப் பிரிவுகள்) உருவாக்கி, வீத் சோடிகளால் (மென்பொருள் கேபிள்கள்) ஒரு பிரிட்ஜில் (மென்பொருள் சுவிட்ச்) இணைத்துக் காட்டுவது என் வழக்கம். சுவிட்ச் வாங்கும் செலவு மிச்சம். இம்முறை 10.0.0.1 இலிருந்து 10.0.0.2 க்கு பிங் (பதில் கேட்கும் சோதனைப் பொதி) அனுப்பினால் பதிலே இல்லை.

இடைமுகங்கள், முகவரிகள் எல்லாம் சரி. முன்வரிசைத் தம்பி, "கேபிள் கழன்றிருக்குமோ, சேர்?" என்றான். இல்லாத கேபிள் எப்படிக் கழலும்!

இரு பக்க வீத் முனைகளிலும், போய்வரும் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டேன். 'இந்த ஐபி முகவரி யாருடையது?' என்று கேட்கும் ஏஆர்பி கேள்வியும் அதன் பதிலும் இரு பக்கமும் தெரிந்தன. பிங்கின் ஐசிஎம்பி பொதிகளோ ஒரு முனையில் நுழைந்தன, மறுமுனையில் வெளிவரவில்லை. பிரிட்ஜே பழுது என்றால் ஏஆர்பியும் நின்றிருக்க வேண்டும். ஆகவே ஐபி பொதிகளை மட்டும் யாரோ மறிக்கிறார்கள்.

அந்த 'யாரோ' டொக்கர், செயலிகளைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் மென்பொருள். வேறொரு வேலைக்காக நிறுவியிருந்த அது, லினக்ஸின் தீச்சுவரான ஐபிடேபிள்ஸில், கடந்துபோகும் பொதிகளுக்கான ஃபோர்வேர்ட் சங்கிலியை (விதிப் பட்டியலை) இயல்பாகவே 'டிராப்' (கைவிடு) என்று வைத்திருந்தது. பிரிட்ஜ் பொதிகளையும் ஐபிடேபிள்ஸுக்கு அனுப்பும் பிஆர்_நெட்ஃபில்டர் என்ற கேர்னல் கூறு ஏற்றப்பட்டிருந்ததால், பிரிட்ஜுக்குள்ளேயே ஓடும் ஐபி பொதிகளும் அந்தச் சங்கிலிக்குள் போய் விழுந்தன. ஏஆர்பிக்கு அந்த வழி இல்லை. ஒவ்வொரு பிங்குக்கும் சங்கிலியின் பொதிக் கணக்கு ஒன்று கூடுவதைக் கண்டதும் சந்தேகம் தீர்ந்தது.

அப்படி அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ் மதிப்பை 0 ஆக்கினால் உடனே சரியாகும். ஆனால் அது எல்லாப் பிரிட்ஜுகளுக்கும் கதவைத் திறந்துவிடும், எனக்குப் பிடிக்கவில்லை. பயனர் விதிகளுக்கென டொக்கர் ஒதுக்கும் டொக்கர்-யூசர் சங்கிலியில், என் பிரிட்ஜில் நுழைந்து அதிலேயே வெளியேறும் பொதிகளை அனுமதிக்கும் ஒரு விதியை மட்டும் சேர்த்தேன். அடுத்த பிங்குக்கே பதில் வந்தது.