துடிப்பு வேகமானது என்பதற்காகச் சாம்பிள் தப்பித்துவிடாது

புரதப் படிகம் போன்ற சாம்பிளின் அணு அமைப்பைப் படமெடுக்கும் எக்ஸ்-கதிர் லேசரில் ஒரு துடிப்பு சில பத்து ஃபெம்டோநொடிதான் (ஒரு ஃபெம்டோநொடி என்பது நானோநொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதற்குள் அணுக்கள் அதிகம் நகராது, படம் பதிந்துவிடும், அப்புறம் சாம்பிள் வெடித்தால் வெடிக்கட்டும். 2000இல் கணினிக் கணக்காக வந்த இந்த யோசனையை 2006இல் ஹாம்பர்கில் செய்தே காட்டிவிட்டார்கள். ஆனால் இதை நம்பி மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுவதுதான் முதல் தவறு.

பெரிய அடி பெரும்பாலும் அடுத்த துடிப்பில்தான் விழுகிறது. அமெரிக்காவின் எல்சிஎல்எஸ் எக்ஸ்-கதிர் லேசர் பல ஆண்டுகள் நொடிக்கு 120 துடிப்புகளோடு ஓடியது, அங்கே படிகங்களைக் கதிருக்கு முன் கொண்டுவரும் நீர்த்தாரை மெதுவாக ஓடினாலும் அடுத்த துடிப்புக்குள் புதிய சாம்பிள் வர நேரம் இருந்தது. ஐரோப்பிய எக்ஸ்ஃபெல் லேசரிலோ துடிப்புகள் கொத்துக் கொத்தாக வரும், ஒரு கொத்துக்குள் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 222 நானோநொடி மட்டுமே இருக்கலாம். தாரை நொடிக்கு 50 மீட்டர் ஓடினாலும் அந்த இடைவெளியில் நகர்வது 11 மைக்ரோமீட்டர்தான், முதல் துடிப்பு தாரையில் போட்ட ஓட்டையோ அதற்குள் விரிந்துகொண்டிருக்கும். ஓட்டை கடந்துபோய்விட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள், ஏனென்றால் துடிப்பு கிளப்பும் அதிர்ச்சி அலை தாரையைவிட வேகமாக, அது வரும் திசையை எதிர்த்து ஓடி, இன்னும் லேசரையே பார்க்காத படிகத்தை அடித்துவிடும். தாரையின் வேகத்தைக் கூட்டுங்கள், இல்லையென்றால் துடிப்பு இடைவெளியைக் கூட்டிக் கேளுங்கள். முதல் துடிப்பின் தரவையும் அடுத்தடுத்த துடிப்புகளின் தரவையும் தனித்தனியாகப் பிரித்து ஒப்பிட்டாலே விஷயம் தெரிந்துவிடும், இதை ஏனோ பலர் கடைசி வரை தள்ளிப்போடுகிறார்கள். தாரைக்குப் பதில் சிப்பின் சிறு குழிகளில் பரப்பிய சாம்பிளுக்கும் இதே கதைதான், பக்கத்துக் குழியை நெருக்கி வைக்காதீர்கள்.

அணு நகராவிட்டாலும் எலக்ட்ரான் சும்மா இருக்காது. எக்ஸ்-கதிர் எலக்ட்ரானைப் பிடுங்கியதால் கார்பனின் உள்கூட்டில் காலியான இடம் நிரம்ப 10 ஃபெம்டோநொடி அளவே ஆகும், அதாவது துடிப்பு முடிவதற்குள்ளேயே மாற்றம் தொடங்கிவிடுகிறது. இரும்பு போன்ற கனமான அணு இருந்தால் இன்னும் கவனம் தேவை: ஃபெரெடாக்ஸின் என்ற புரதத்தின் படிகங்களில் உள்ள இரும்பு-கந்தகக் கொத்துகளில் சேதத்தின் அறிகுறிகள் தெரிந்ததாக 2015இல் ஆய்வு வந்தது. அதனால் வழக்கம் என்பதற்காக முழு சக்தியில் சுடாதீர்கள், கதிரைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியும் ஒரு தொகுதி எடுங்கள், இரண்டிலும் உலோகத்தைச் சுற்றிய பிணைப்பு நீளங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

கடைசியாக, எக்ஸ்-கதிரையே குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது படமெடுப்பதற்கு முன் சாம்பிளில் வினையைத் தூண்டும் ஒளி லேசரை விட்டுவிடுகிறோம். சிக்னல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று அதன் சக்தியை ஏற்றினால் ஒரே மூலக்கூறு ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோட்டான்களை விழுங்கும், நீங்கள் பார்ப்பது இயற்கையில் நடக்காத ஏதோ ஒன்றாக இருக்கும். சக்தியைப் படிப்படியாக ஏற்றி, விளைவு நேர்கோட்டில் கூடும் எல்லைக்குள் நிறுத்துங்கள். அந்த எல்லையில் சிக்னல் மங்கலாகத்தான் இருக்கும். அதற்கு நிறைய படங்கள் எடுப்பதுதான் வழி.