மீன் எண்ணெய் மாத்திரை வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள்

முன்பக்கம் பெரிதாக 1000 மி.கி. என்று போட்டிருக்கும். அது எண்ணெயின் மொத்த எடை. நமக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு, அதாவது ஈபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு வகையும், சாதாரண மாத்திரையில் சேர்ந்தே சுமார் 300 மி.கி.தான் இருக்கும்.

இது ஏன் முக்கியம்? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. உடல் எடை கூடிய, நடுத்தர வயதும் அதற்கு மேலுமான 138 பேர் அதில் கலந்துகொண்டார்கள். 4 மாதம் கழித்து அவர்களை மேடைப்பேச்சு, மனக்கணக்கு என்று வேண்டுமென்றே பதற்றத்தில் தள்ளிப் பார்த்தார்கள். தினம் 2.5 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களிடம், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் 19 சதவீதமும், அழற்சியைத் தூண்டும் ஐஎல்-6 என்ற புரதம் 33 சதவீதமும் குறைவாக இருந்தன. ஒரே ஆய்வுதான், ஆனாலும் கவனிக்க வேண்டியது.

அந்த 2.5 கிராமுக்குச் சாதாரண மாத்திரை எட்டு, ஒன்பது வேண்டும். தயவுசெய்து நீங்களாக அப்படி விழுங்காதீர்கள். அளவு கூடினால் சிலருக்கு இதயத் துடிப்பு சீர்கெடும் அபாயம் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். காட் மீனின் ஈரலில் எடுத்த எண்ணெய் என்றால் வைட்டமின் ஏ வேறு சேர்ந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது.

அப்புறம், மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். மீன் சாப்பிடுபவர் என்றால் வாரம் இரண்டு முறை மத்தியோ அயிலையோ குழம்பு வையுங்கள்.