ஓவர்லாக் மெஷினில் நூல் கோர்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

துணி ஓரம் பிரியாமல் தைக்கிற நான்கு நூல் ஓவர்லாக் மெஷினை வீட்டுக்கு வாங்கிய பலர், கடைக்காரர் கோர்த்துக் கொடுத்த நூல் அறுகிற வரைக்கும்தான் அதில் தைக்கிறார்கள். அப்புறம் உறை போட்டு ஓரமாக வைத்துவிட்டு, பழையபடி டெய்லர் கடைக்கே போய் ஓவர்லாக் அடித்து வாங்குகிறார்கள். பெரும்பாலும் மெஷினில் ஒரு கோளாறும் இருக்காது, நூல் கோர்த்த வரிசைதான் தப்பாக இருக்கும்.

வீட்டு மெஷின்களில் வழக்கமான வரிசை இதுதான்: முதலில் மேல் லூப்பர், அடுத்து கீழ் லூப்பர், பிறகு வலது ஊசி, கடைசியில் இடது ஊசி. லூப்பர் என்பது ஊசி நூலோடு பின்னுவதற்குத் தன் நூலைக் கொண்டுவரும் வளைந்த கம்பி. சில மாடல்களில் லூப்பர்கள் முன்பின் மாறலாம், அதற்கு மெஷினின் முன்மூடியைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். ஆனால் ஊசிகளுக்கு லூப்பர்களுக்குப் பிறகுதான் கோர்க்க வேண்டும்.

இதில் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. தைத்துக்கொண்டிருக்கும்போது கீழ் லூப்பர் நூல் மட்டும் அறுந்துவிடும். மற்ற மூன்றும் நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்த ஒன்றை மட்டும் கோர்த்துவிட்டு பெடலை மிதிப்பார்கள். நாலு தையல் போகும், மறுபடி அறுந்துவிடும். திரும்பக் கோர்த்தாலும் அதே கதைதான். காரணம், ஊசி நூல் ஏற்கெனவே கீழே இறங்கி லூப்பரைச் சுற்றிக் கிடக்கிறது. கீழ் லூப்பர் இடமிருந்து வலமாக வரும்போது ஊசிக்குப் பின்னால் உண்டாகும் நூல் வளையத்துக்குள் புகுந்து, தன் நூலையும் அதன் வழியே கொண்டுபோக வேண்டும். நீங்கள் புதிதாகக் கோர்த்த நூலை, அந்தப் பழைய ஊசி நூல் குறுக்கே பிடித்துக்கொள்கிறது. இழுபடும், அறுந்துவிடும். அதனால் கீழ் லூப்பர் நூல் அறுந்தால், சோம்பல் பார்க்காமல் இரண்டு ஊசி நூலையும் ஊசிக்கு அருகில் வெட்டி உருவிவிடுங்கள். ஊசி இறங்கும் தட்டுக்கு அடியில் துண்டு நூல் எதுவும் சிக்கியிருந்தால் ட்வீசரால் எடுத்துவிட்டு, லூப்பரைக் கோர்த்து, அதன் பிறகு ஊசிகளுக்குக் கோருங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், ஆனால் ஒரே தடவையில் முடியும்.

அடுத்த தவறு, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டே கோர்ப்பது. பெரும்பாலான வீட்டு மெஷின்களில் ஃபுட்டைத் தூக்கினால்தான் நூலின் இறுக்கத்தைப் பிடித்துவைக்கும் டென்ஷன் தட்டுகள் விரியும், நூல் அவற்றுக்கு நடுவே உட்காரும். இறக்கி வைத்துக் கோர்த்தால் நூல் தட்டின் மேலேயே மிதந்துகொண்டிருக்கும், டென்ஷன் டயலை எத்தனைக்குத் திருப்பினாலும் ஒன்றும் மாறாது. இதைப் பார்க்கும் வழி சுலபம்: ஒவ்வொரு நூலையும் தட்டுக்கு மேலும் கீழும் இரண்டு கையால் பிடித்து லேசாக இழுத்து உள்ளே அமர்த்துங்கள், பிறகு ஃபுட்டை இறக்கி இழுத்துப் பாருங்கள், இறுக்கம் தெரிய வேண்டும். எந்த நூல் தடையே இல்லாமல் வருகிறதோ அதுதான் குற்றவாளி. துணி ஓரத்தில் நூல் தொளதொளவென்று தொங்கினால் லூப்பர் நூல்களைச் சந்தேகப்படுங்கள். தைத்த இரண்டு துணியையும் விரித்து இழுத்துப் பார்க்கும்போது நடுவில் ஏணிப்படி மாதிரி நூல் தெரிந்தால் ஊசி நூல். டயலைத் திருகுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள், ஏனென்றால் நான்கு டயலையும் கண்டபடி திருகிவிட்டால் பிறகு எது காரணம் என்றே கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்.

பின்னால் நூலைத் தாங்கி நிற்கும் ஆன்டெனா கம்பியை முழுசாக மேலே இழுத்துவிடுங்கள். பாதியில் நின்றால் கோனிலிருந்து நூல் சீராக வராது. கீழ் லூப்பரின் இடது கோடியில் ஒரு கொக்கி உண்டு, கைக்கும் கண்ணுக்கும் சரியாக எட்டாத இடம், அதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஹேண்ட் வீலை உங்கள் பக்கமாகச் சுற்றி லூப்பரை வெளியே வரவைத்தால் அந்தக் கொக்கி கண்ணில் படும்.

கோன் மாற்றுவதற்கு மட்டும் முழுசாகக் கோர்க்க வேண்டியதில்லை. பழைய நூலைக் கோன் அருகே வெட்டி, புது நூலின் நுனியோடு சின்னதாக, இறுக்கமாக முடிச்சுப் போடுங்கள். டயலின் எண்ணை முதலில் குறித்துக்கொண்டு அதைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பி, ஃபுட்டைத் தூக்கி, முன்பக்கமிருந்து மெதுவாக இழுத்தால் புது நூல் வந்துவிடும். லூப்பர் துளையில் முடிச்சு பெரும்பாலும் நுழைந்துவிடும். ஊசிக் காதில் நுழையாது, அதனால் அங்கே வரும் முன்பே முடிச்சை வெட்டிவிட்டுக் கையால் கோருங்கள். வலுக்கட்டாயமாக இழுத்தால் ஊசி வளையும். நூலை எடுத்துவிட நினைத்தாலும் கோன் அருகே வெட்டி முன்பக்கமாகத்தான் உருவ வேண்டும், பின்பக்கமாக இழுத்தால் பஞ்சும் பிசிறும் டென்ஷன் தட்டுக்குள் போய் அடைந்துகொள்ளும்.

ஊசி மாற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயம். நான்கு நூல் மெஷினில் இடது ஊசி வலதைவிடச் சற்று மேலே நிற்கும், அதன் அமைப்பே அப்படி. சமமாக்கலாம் என்று கீழே இறக்கித் திருகிவிடாதீர்கள். இரண்டையும் மேலே முட்டும் வரை ஏற்றி இறுக்கினால் போதும்.

எல்லாம் கோர்த்த பிறகு உடனே பெடலை மிதிக்க வேண்டாம். நான்கு நூல் நுனியையும் ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, ஃபுட்டுக்கு அடியில் இடது பக்கம் பின்னால் பிடித்துக்கொண்டு, ஃபுட்டை இறக்கி, ஹேண்ட் வீலைக் கையால் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். நூல்கள் பின்னிச் சங்கிலி போல விழ ஆரம்பித்தால் ஒரு வேஸ்ட் துணியில் தைத்துப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம். விழவில்லை என்றால் மெதுவாகச் சுற்றியபடியே கவனியுங்கள், எந்த நூல் லூப்பரில் அகப்படாமல் நழுவுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.