பல்கலைக்கழகத்தில் உடல்நலம்: கால அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்

பல்கலைக்கழகத்தில் உடல்நலப் பணி என்றதும் ஆண்டுக்கொரு மருத்துவ முகாமும் சில யோகா வகுப்புகளுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டாதவை அல்ல. ஆனால் நள்ளிரவு 12 மணிக்கு ஒப்படைப்புக் கெடு வைத்துவிட்டு, நன்றாகத் தூங்குங்கள் என்று மாணவருக்கு அறிவுரை சொல்வதில் பயனில்லை. மக்கள் கற்கும், உழைக்கும், விளையாடும் அன்றாட இடங்களிலேயே நலம் உருவாகிறது என்று நல மேம்பாடு பற்றிய முதல் பன்னாட்டு மாநாடு 1986-இல் வெளியிட்ட ஒட்டாவா சாசனம் கூறியது. 2015-இல் பல்கலைக்கழகங்களுக்கென உருவான பன்னாட்டு ஒக்கனாகன் சாசனம், நிர்வாகம், அன்றாடச் செயற்பாடு, கல்விப்பணி ஆகிய அனைத்திலும் நலத்தைப் பதிக்க வேண்டும் என்று உயர்கல்வி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

முதலில், துணைவேந்தரின் நேரடிப் பொறுப்பில் ஒரு குழுவை அமைக்க வேண்டும். தேர்வுப் பிரிவும் நிதிப் பிரிவும் அதில் இடம்பெறாவிட்டால், எடுக்கும் முடிவுகள் தாளோடு நின்றுவிடும். மாணவர், ஆய்வு மாணவர், பேராசிரியர் ஆகியோருடன் அலுவலகப் பணியாளர், தூய்மைப் பணியாளர், இரவுக் காவலர் ஆகியோரும் உறுப்பினராக வேண்டும். ஒப்பந்தத்தில் பணிபுரிவோரை விட்டுவிடுவதுதான் இத்தகைய திட்டங்களில் நான் காணும் பெரிய குறை. வளாகத்தில் மிகக் கடினமான உடலுழைப்பு பெரும்பாலும் அவர்களுடையது.

அடுத்து, பெயர் கேட்காத ஒரு கணக்கெடுப்பை நடத்தி, உறக்கம், பணிச்சுமை, உணவு, தனிமை, பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். எழுதிப் பழக்கமில்லாதவரிடம் நேரில் பேசுங்கள்.

பிறகு கால அட்டவணையைக் கையில் எடுங்கள். ஒப்படைப்புக் கெடுவை மாலை 5 மணிக்கு மாற்றுவதற்குச் செலவேதும் இல்லை. ஒரே வாரத்தில் நான்கு பாடங்களின் தேர்வுகள் மோதாதவாறு துறைத்தலைவர்கள் பருவத் தொடக்கத்திலேயே கூடிப் பேசலாம். தொடர்ச்சியான வகுப்புகளுக்கிடையே எழுந்து நடக்கவும், மதிய உணவை அவசரமின்றி உண்ணவும் நேரம் விடுங்கள். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கட்டடங்களுக்கிடையே நிழலும் வெளிச்சமும் உள்ள நடைபாதை இருந்தாலே அதில் ஒரு பகுதி இயல்பாக நிறைவேறும். பணியாளருக்கு விடுமுறை நாளில் அலுவலகச் செய்தி அனுப்பக் கூடாது என்பதை வேண்டுகோளாக விடாமல் எழுத்து வடிவ விதியாகவே ஆக்குங்கள்.

மனநல உதவியில் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் பல மனநலச் சிக்கல்கள் முதலில் தலைகாட்டுவது இளமைப் பருவத்தில்தான். உளவள ஆலோசகரின் அறை நிர்வாக அலுவலகத்தை ஒட்டி இருந்தால், யார் வருகிறார் என்பது எல்லோர் கண்ணிலும் படும். அந்தத் தயக்கமே பலரைத் திருப்பி அனுப்பிவிடும். ஆலோசனைக் குறிப்புகள் துறைக்கோ மேலதிகாரிக்கோ செல்லாது என்பதை எழுத்தில் உறுதியளித்து, உயிருக்கு ஆபத்து நேரும் நிலை போன்ற விதிவிலக்குகளை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஆய்வு மாணவர் தம் நெறியாளரைப் பற்றியே முறையிட நேரலாம் என்பதால், அதற்குத் துறைக்கு வெளியே ஒரு வழி இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு நோயறியும் பயிற்சி தேவையில்லை; வாடிய முகத்தைக் கண்டால் கனிவுடன் விசாரித்து, உரிய இடத்துக்கு அழைத்துச் செல்லத் தெரிந்தால் போதும்.

உணவகத்தில் உப்பையும் சர்க்கரையையும் குறைப்பது, குடிநீர் தடையின்றிக் கிடைக்கச் செய்வது, வளாகத்தைப் புகையற்றதாக்குவது ஆகியவற்றை ஒரே பருவத்தில் தொடங்கிவிடலாம்.

ஓராண்டுக்குப் பின் அதே கேள்விகளுடன் கணக்கெடுப்பை மீண்டும் நடத்தி, நிறைவேறாதவற்றையும் சேர்த்து, முடிவுகளை வளாகத்தில் உள்ள அனைவரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.