கார் மாடிஃபிகேஷன்: இளம் ஓட்டுநர்கள் சறுக்கும் இடங்கள்

முதல் கார் கைக்கு வந்ததும் அதை அப்படியே விட்டுவைக்க மனசு வராது. அலாய் வீல், கொஞ்சம் தாழ்த்திய சஸ்பென்ஷன், உறுமும் சைலன்சர் என்று ஆசை ஒவ்வொன்றாக நீளும். ஆசையில் தப்பில்லை. பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது, மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் விட்டதால்தான்.

ஏன் சொல்வதில்லை என்பதும் புரிகிறது. வயது இருபத்தைந்துக்குக் கீழே என்றாலே பல நாடுகளில் பிரீமியம் எகிறும். இதையும் சொன்னால் இன்னும் ஏறுமே என்ற பயம். ஆனால் ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போடத் தேவையான விவரம் காப்பீடு எடுப்பவரிடம்தான் இருக்கிறது, அதை அவர் மறைக்கக் கூடாது என்று 1766-இலேயே இங்கிலாந்தில் கார்ட்டர் எதிர் போஹம் வழக்கில் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு சொல்லிவிட்டார். (அது சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டைக்கு எடுத்த காப்பீடு. கடைசியில் ஜெயித்தது காப்பீடு எடுத்தவர்தான் என்பது வேறு கதை.) பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர்களுக்கு இதைக் கொஞ்சம் தளர்த்தியது. கேட்ட கேள்விக்குக் கவனமாகப் பதில் சொன்னால் போதும். அதிலும் அசட்டையாக இருந்தால்? உண்மையைச் சொல்லியிருந்தால் 1,000 பவுண்டு பிரீமியம் வந்திருக்கும், நீங்கள் கட்டியதோ 600 என்றால், கிளெய்மிலும் 60 சதவீதம்தான் கிடைக்கும். தெரிந்தே மறைத்திருந்தால் பாலிசியையே ரத்து செய்துவிடலாம், கட்டிய பணத்தையும் திருப்பித் தர வேண்டியதில்லை.

உங்கள் காரோடு நஷ்டம் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். அடிபட்ட எதிர்த்தரப்புக்குப் பல நாடுகளில் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிடும். அப்புறம் அதை வசூலிக்க உங்களிடம் வரும்.

‘யாருக்குத் தெரியப் போகிறது’ என்பது அடுத்த தவறு. விபத்துக்குப் பிறகு சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் நசுங்கிய பானட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. குனிந்து டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களையும் படிப்பார். கார் கம்பெனி கொடுத்தது 205/55 ஆர்16 என்று வைத்துக்கொள்வோம். அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். மொத்த விட்டம் ஏறத்தாழ 632 மில்லிமீட்டர். அதே இடத்தில் 225/50 ஆர்17 இருந்தால் விட்டம் 657-ஐத் தொடும். கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடுதல். அதாவது ஸ்பீடோமீட்டர் முள் 100 காட்டும்போது அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்க வாய்ப்பிருக்கிறது. 225/45 ஆர்17 போட்டிருந்தால் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான், ஆனால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஈசியூவை, அதாவது இன்ஜினை இயக்கும் கணினியை, ரீமேப் செய்தவர்கள் (அதன் மென்பொருளை மாற்றி எழுதியவர்கள்), சர்வீஸுக்கு விடும் முன் பழைய மேப்பை ஏற்றிவிட்டால் தடயம் போய்விடும் என்று நம்புகிறார்கள். பல கார்களில் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையே பதிவாகி நிற்கும். வாரண்டி தகராறில் முதலில் வெளியே வருவது அதுதான். ஹெட்லைட், ஆடியோ என்று ஒயரை வெட்டி ஒட்டிய வேலை இன்னும் மோசம். பின்னாளில் தீப்பிடித்தால், காரணம் அந்த ஒட்டுதான் என்று வாதாட இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்களே வழி செய்து கொடுத்தது போல ஆகிவிடும்.

கடையில் விற்கிறார்களே, அப்போது சட்டப்படி சரிதானே என்று கேட்பவர்கள் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ‘பொதுச் சாலைக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் இருக்கலாம். விற்பது ஒன்று, அதை மாட்டி ரோட்டில் ஓட்டுவது வேறு. இதில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் அனுமதி பெறாத சில மாற்றங்களால் வண்டியின் இயக்க அனுமதியே காலாவதியாகிவிடும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை வடிவத்திலிருந்து, ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியில் கை வைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் தற்காலிக உரிமம் வைத்திருப்பவர்கள், செயல்திறனைக் கூட்டுவதற்காக இன்ஜினில் மாற்றம் செய்த காரையே ஓட்டக் கூடாது. கூடுதல் பிரீமியம் கட்டினாலும் காப்பாற்ற முடியாத இடம் அது.

போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அந்த அலுவலகம் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் அனுப்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு இடத்திலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். போனில் மட்டும் சொன்னால் பின்னால் நிரூபிப்பது கஷ்டமாகலாம். மின்னஞ்சல் அனுப்பி, பாலிசியில் அது ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது நல்லது. அப்படி ஏறியிருந்தாலும், விலை கூடிய வீல் உடைந்தால் அதற்குப் பதில் சாதா வீல்தான் தருவோம் என்ற விதி உள்ளே இருக்கலாம். அதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஓட்டுவது மகன், பாலிசியில் முதன்மை ஓட்டுநர் அப்பா. பல வீடுகளில் நடப்பதுதான். ஓட்டுபவரின் வயதை வைத்துப் பிரீமியம் போடும் நாடுகளில் இது நேரடியான மோசடி. மாடிஃபிகேஷனும் சேர்ந்தால் மறைத்தது இரண்டாகும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். முன் சக்கரத்தை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பிவிட்டு, டார்ச் அடித்து உள்ளே இருக்கும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். கம்பெனி ஸ்பிரிங் பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். சிவப்போ மஞ்சளோ பளிச்சென்று தெரிந்தால் பழைய ஓனர் கை வைத்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம். அவர் செய்ததுதான் என்றாலும், இன்சூரன்ஸ் படிவத்தில் ‘மாற்றம் ஏதும் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடிக்கப் போவது நீங்கள்.